ஒண்ணும் ஒண்ணும்

பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி நகரவில்லை.

வேறு எந்த வண்டியிலும் இது ஒரு விஷயமே அல்ல. லாரியோ பஸ்ஸோ, டிரைவர் கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் நகரும். இந்த அமெரிக்க பிக்கப்புக்குக் கிளட்ச் கிடையாது. கியரில் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும். யாரும் எதையும் மிதிக்காமலே, கயிற்றைப் பிடித்து இழுத்த கன்றுக்குட்டி மாதிரி தானாக ஊர்ந்து போகும். முதல் நாள் அது அப்படி ஊர்ந்தபோது சவரிமுத்து பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டான். ஒன்றரை வருஷத்தில் பழகிவிட்டது. இன்றைக்கு, அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில், தருமபுரி ஆபீஸ் வாசலில், தூறலும் வெயிலுமான ஒரு பிற்பகலில், அது ஊரவில்லை. எஞ்சின் ஓடியது. கியர் மாற்றும் நெம்பு போட்ட இடத்தில்தான் இருந்தது. வண்டி மட்டும், யாரோ இன்னும் ஏற வேண்டியிருக்கிறது என்பதுபோல் நின்றது.

பிறகு பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒரு தரம் முனகியது. ஓர் ஆள் டயர்மேல் கால் வைத்துத் தாவித் தொட்டிக்குள் உட்கார்ந்தால் எப்படி முனகுமோ, அப்படி.

அதற்கப்புறம் வண்டி நகர்ந்தது.

கண்ணாடியில் பார்த்தான். பின்தொட்டியில் சுருட்டிய தார்ப்பாய் ஒன்று, 'வருக வருக' என்று எழுதிய பலகை ஒன்று. வேறு எதுவும் இல்லை.

"என்னய்யா, பெட்ரோல் இல்லியா?" என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த ஆபீசர்.

"இருக்குதுங்க சார். ஏதோ யோசனை பண்ணிட்டு நின்னுச்சு."

"யோசிக்கறதுக்கு நான் இருக்கேன். வண்டி எதுக்கு யோசிக்கணும்?"

ஆபீசரின் பெயர் மாரியப்பன், பி.ஏ. அந்த பி.ஏ. அவருடைய மேசை, குடை, டிபன் கேரியர் எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. மலைப்பயிர் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இருந்தது. சித்தேரி மலையில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சாமை விளைவிக்கிறவர்களுக்குச் சாமை விளைவிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் திட்டம். அதற்காகக் கடல் தாண்டி ஒரு தர்ம ஸ்தாபனம் அனுப்பியதுதான் இந்த வண்டி. ஸ்டீயரிங் இடது பக்கம். டிரைவரைத் தேடி வலது பக்கம் பார்த்த ஊர்ச்சனத்துக்கெல்லாம் ஆபீசர்தான் தெரிந்தார். ஸ்டீயரிங்கே இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, வண்டியை ஓட்டிப் போகிறவராகத் தெரிந்தார். அவரும் அதை மறுத்ததில்லை.

வண்டியோடு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் வந்தது. திட்டத்தின் சொத்து என்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்டீயரிங் தண்டில் வரிசையாக இருந்த ஐந்து எழுத்துகளுக்கு ஆபீசர் தானே உரை எழுதினார். அந்தக் காகிதம் வட்ட முத்திரையோடு டாஷ்போர்டில் இன்னும் ஒட்டியிருந்தது. 'பி' பார்க்கிங். 'ஆர்' ரிவர்ஸ். 'என்' நியூட்ரல். இதுவரை சரி. 'டி' என்றால் டவுன், அதாவது இறக்கம். 'எல்' என்றால் லெவல், அதாவது சமதளம்.

"மேட்டுக்கு எதுங்க சார்?" என்று சவரிமுத்து அன்றைக்குக் கேட்டான்.

"மேட்டுக்கு எழுத்தே கிடையாது. அதாம்யா ஆட்டோமேட்டிக்."

அன்றிலிருந்து சமதளமெல்லாம் 'எல்'. எஞ்சின் வலியெடுத்த மாடு மாதிரி கத்தும், வண்டி சைக்கிள்காரனை முந்த முடியாமல் திணறும். அந்தக் கத்தலை ஆபீசர் முன்னேற்றத்தின் சத்தம் என்று எடுத்துக்கொண்டார். இப்போதும் வண்டி அப்படிக் கத்திக்கொண்டேதான் சேலம் ரோட்டில் தெற்கே போனது. வண்டி தந்த வெள்ளைக்காரர்கள் சேலத்துக்கு வந்திருக்கிறார்கள். தாங்கள் தந்தது நல்ல நிலையில் ஓடுகிறதா என்று நாளைக் காலையில் பார்க்கப் போகிறார்கள். எனவே ஓட வேண்டும். ஓடுவதற்கு முன்னால் தொப்பூர்க் கணவாயில் இறங்க வேண்டும்.

தை மாதத்துக்குப் பிறகு வண்டி அந்த இறக்கத்தில் இறங்கவே இல்லை.

தை மாதம் இறங்கியபோது பின்தொட்டியில் விதை மூட்டைகளுக்கு மேல் தீர்த்தன் உட்கார்ந்திருந்தான். சித்தேரிக்காரன், மூட்டை ஏற்றி இறக்குகிறவன். பேச்சு குறைவு. அவன் பேச்செல்லாம் வண்டிக்கூரையின் தகரத்தில்தான். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம். லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் பாஷை. சவரிமுத்து அன்றைக்குக் காகிதத்தில் இருந்தபடி இறக்கத்தின் தலைப்பில் நெம்பை 'டி'க்கு மாற்றினான். கத்திக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. பாரம் சுமந்துவந்தவன் நடுவழியில் கையை விட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்த மாதிரி ஒரு அமைதி. அதற்குப் பிறகு வண்டியைப் பிடித்திருந்தது பிரேக் மட்டும்தான். மூன்றாவது வளைவில் அதுவும் தீய்ந்த நாற்றத்தோடு தரைவரை போனது.

கூரையில் தட்டல் கேட்டது. டக். கொஞ்சம் கழித்து, டக். மறுபடி, டக்.

சவரிமுத்து கதவைத் திறந்து குதித்தான். வண்டி சுவரில் மோதி நின்றது. மூட்டைகள் நிற்கவில்லை, சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போயின. தீர்த்தனும்தான்.

விசாரணை ஆபீசிலேயே நடந்தது. விசாரித்தவர் மாரியப்பன், பி.ஏ. எழுதியவரும் அவரே.

"பின்னாலேருந்து தட்டுனானா?"

"தட்டுனானுங்க சார். ஒண்ணு ஒண்ணா தட்டுனான்."

"ஒண்ணா? எத்தன தடவ?"

"ஒண்ணு... அப்புறம் ஒண்ணு... அப்புறம்..."

"இரு, இரு. ஒண்ணும் ஒண்ணும் எத்தனய்யா?"

"ரெண்டுங்க சார்."

"அவ்ளோதான்." பேனா காகிதத்தில் கிறீச்சிட்டது. *பின்னால் இருந்தவர் இரண்டு தட்டுத் தட்டி, வண்டியைத் தொடர்ந்து செலுத்துமாறு சைகை செய்ததால்...* அதற்கு மேல் சவரிமுத்து கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட இடத்தில் மை ஈரமாக இருந்தது. காகிதத்தில் இருந்த எழுத்தும் பிழையில்லை, வண்டியும் பிழையில்லை, டிரைவரும் பிழையில்லை. செத்தவன் பிழை. அவன் மனைவி சின்னபொண்ணு ஒருநாள் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே நின்று இவனைப் பார்த்துக் கேட்டாள்: "ரெண்டு தட்டுனாராமே எங்கூட்டுக்காரு? எதுக்குங்க அவருக்கு அத்தன அவசரம்?" இவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து சவரிமுத்து கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போகவில்லை. போனால் அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்காமல் தூணோரமாக நழுவுகிறவனை அவன் மனைவி இசபெல்லா ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைச் சரிசெய்த சேலத்து மெக்கானிக் கருப்பண்ணன் டாஷ்போர்டுக் காகிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு இவன் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, டவுனுமில்ல லெவலுமில்ல. டி-ங்கறது ஓட்டறதுக்கு. எல்-ங்கறது லோ, சின்ன கியரு. இறக்கத்துல எல்-ல போட்டாத்தான் எஞ்சின் வண்டிய இழுத்துப் புடிக்கும். டி-ல வுட்டா அது ரோட்டப் பாக்காது, உங்காலத்தான் பாக்கும். இறக்கத்துல நீ ஆக்சிலேட்டர மிதிக்க மாட்ட. சரி, இவனுக்கு வேலையில்லன்னு அதுவே பெரிய கியருக்குத் தானா மாறிக்கும். எஞ்சின் கைய வுட்டுரும். அப்புறம் நீயாச்சு உஞ்சாமியாச்சு."

அதனால் சவரிமுத்துவுக்கு இன்றைக்குச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒன்றும் செய்யாமலிருப்பது. நெம்பு 'எல்'லில் இருக்கிறது. அதைத் தொடாமல் இருந்தால் உயிரோடு சேலம் சேரலாம்.

கணவாயின் தலைப்பில் முனியம்மாள் டீக்கடை. வேகவைத்த மொச்சையின் ஆவியும் ஈரச் சாக்கின் நாற்றமும் கலந்து ரோட்டுவரை வந்தன. மலைமேலிருந்து பனிமூட்டம் இறங்கி, எதிரே போகும் லாரிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை.

"ஆபீசரய்யா ஸ்டீரிங்கே இல்லாம ஓட்டறாரு, கூட நீ எதுக்கு சவரியண்ணா?" என்றாள் முனியம்மாள், கிளாஸைக் கழுவிக்கொண்டே.

"ஆரன் அடிக்க."

அவள் சிரித்தாள். பிறகு வண்டிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அது சரி, பின்னால இருக்கறவருக்கு ஒரு சாக்காச்சும் குடுக்கக் கூடாதா? நனைஞ்சிட்டு உக்காந்திருக்காரு பாவம்" என்றாள்.

டீ நாக்கைச் சுட்டது. திரும்பிப் பார்த்தான். பலகை. அதில் வர்ணத்தில் எழுதிய ஓர் உழவர், தலைப்பாகையோடு, இரண்டு கையும் கூப்பி. அவருக்குக் கீழே அவரைவிடப் பெரிய எழுத்தில் மாரியப்பன், பி.ஏ.

"அது படம்மா."

"படமா?" என்றாள் அவள். "கை கும்பிட்டுல்ல இருக்கு படத்துல. இவரு கும்பிடலியே."

அதற்கு என்ன அர்த்தம் என்று இவன் கேட்பதற்குள் ஆபீசர் வண்டியிலிருந்து ஆரனை அழுத்தினார்.

இறக்கம் தொடங்கியது. எஞ்சின் கத்தியது. இத்தனை நாள் அவன் வெறுத்த அந்தக் கத்தல் இப்போது காதுக்கு இதமாக இருந்தது. வேகமுள் இருபதிலேயே நடுங்கி நின்றது, எஞ்சின் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி வண்டி அடியடியாக இறங்கியது, வலது பக்கப் பள்ளத்தில் மூட்டம் பால்போலத் தேங்கிக் கிடந்தது, இடது பக்கப் பாறைகளில் தண்ணீர் வழிகிற சத்தம் திறந்த ஜன்னல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது, அவன் கழுத்தில் மாதா படத்தோடு கிடந்த உத்தரியம் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"சவரி."

"சொல்லுங்க சார்."

"இது இறக்கம்."

"ஆமாங்க சார்."

"எழுத்து மாத்தல நீ."

"இருக்கட்டுங்க சார். எல்-லயே இருக்கட்டும். இதுதாங்க புடிச்சிக்கிட்டுப் போவுது."

ஆபீசர் குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். "இதப் பாரு. டி-யில இறங்கினதுதான் சரின்னு அறிக்கையில எழுதியிருக்கேன். நீ கையெழுத்துப் போட்டிருக்க. இன்னிக்கு எல்-ல இறங்குனா அன்னிக்கு எறங்குனது தப்புன்னு ஆகும். அறிக்கை தப்பாக முடியுமா?"

"உசுரு போயிருமுங்க சார்."

"அறிக்கை இருக்கும்யா."

அப்போது கூரையில் சத்தம் கேட்டது.

டக் டக்.

மழைத்துளி என்று நினைத்தான். புளியமரத்திலிருந்து விழுந்த காய் என்று நினைத்தான். ரோட்டோரத்தில் புளியமரம் இருந்தது. அதன் காய்கள் இன்னும் பிஞ்சு. பலகை சாய்ந்து தகரத்தில் இடித்திருக்கும் என்று நினைத்து, கண்ணாடியில் பார்த்தான். பலகை படுத்துக் கிடந்தது. தார்ப்பாய் சுருட்டி இருக்கவில்லை. விரிந்திருந்தது. நடுவில் மேடாக.

டக் டக்.

இரண்டு. தெளிவாக. விரல் கணுவால் தட்டுகிற தட்டு, அவசரமில்லாத தட்டு. போகலாம் என்கிற தட்டு.

"யாரய்யா ஏத்துன?" என்றார் ஆபீசர். குரலில் பி.ஏ. இல்லை.

சவரிமுத்துவின் பார்வை நெம்பில் இருந்தது. ஸ்டீயரிங் தண்டின் வலது பக்கம், இருவருக்கும் நடுவில், நெம்பு மெதுவாக அசைந்தது. அவனுடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். ஆபீசரின் இரண்டு கையும் குடையில். நெம்பு 'எல்'லை விட்டு மேலே ஏறியது. சிவப்பு முள் நகர்ந்தது. 'டி'யில் போய் உட்கார்ந்தது.

"நான் தொடல" என்றார் ஆபீசர்.

எஞ்சின் வாயை மூடிக்கொண்டது.

அந்த அமைதி அவனுக்குத் தெரிந்த அமைதி. டயருக்கு அடியில் ஈரத் தார் உரிகிற சத்தம். காற்று ஜன்னலில் சீறுகிற சத்தம். அதற்கு அடியில் தானாக ஒரு சின்ன 'ளக்'. பெரிய கியர். வேகமுள் முப்பதைத் தாண்டியது. நெம்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுமுனையை இன்னொரு கை பிடித்திருந்தால் எப்படி வராதோ அப்படி வரவில்லை. பிரேக்கை மிதித்தான். பிடித்தது. மறுபடி மிதித்தான். கொஞ்சம் பிடித்தது. நாற்றம் வந்தது. தை மாதத்து நாற்றம்.

நாற்பது.

ஒரு வளைவு. ஒரு லாரியின் விளக்கு. ஆரன். மூட்டம்.

மிதித்தான். கால் தரையைத் தொட்டது.

டக் டக்.

"ஒண்ணுதான தட்டுனான்!" ஆபீசர் பின்பக்கம் திரும்பிக் கத்தினார். "அன்னிக்கி ஒண்ணு ஒண்ணாத்தான தட்டுனான்! தெரியும்யா! எனக்குத் தெரியும்! நிறுத்தச் சொல்லுய்யா அவன!"

டக் டக். டக் டக்.

இரண்டாவது வளைவு. பின்சக்கரம் வழுக்கியது. குடை அவன் முழங்காலில் குத்தியது. ஆபீசர் கையைத் தூக்கிக் கூரையைக் குத்தினார். ஒரு குத்து. நிறுத்து. ஒரு குத்து. நிறுத்து.

மூன்றாவது வளைவு தெரிந்தது. சுவர் தெரிந்தது. அதில் புதிதாகக் கட்டிய பகுதி மட்டும் வெளுப்பாக.

சவரிமுத்துவின் கை கதவுக்குப் போனது. போக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அதற்கு வழி தெரியும்.

குதித்தான்.

வாய் நிறைய மண். தோளில் ஏதோ முறிந்தது. வாய்க்கால் தண்ணீரில் முகம் புதைந்து கிடந்தபடி ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தான். தகரம், கல், அப்புறம் கீழே வெகுதூரத்தில் மூட்டைகள். ஒன்பது மாதமாகத் தூக்கத்தில் கேட்ட சத்தம்.

வரவில்லை.

தூறல். தண்ணீர் வழிகிற சத்தம். அதற்கு நடுவே, பூனை உறுமுகிற மாதிரி ஒரே சீராக, எஞ்சின்.

தலையைத் தூக்கினான். வளைவில், சுவருக்கு ஒரு முழம் முன்னால், வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்னால் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிரேக்கை மிதித்தால் எரிகிற விளக்குகள்.

அவை அணைந்தன.

'ளக்.'

கியர் மாறுகிற சத்தம். வண்டி லேசாக அதிர்ந்தது. பிறகு ஊர ஆரம்பித்தது. பின்னோக்கி. மேட்டில். யாரும் எதையும் மிதிக்காமல், கயிற்றைப் பிடித்து இழுத்த கன்றுக்குட்டி மாதிரி, ஆள் நடக்கிற வேகத்தில், இவன் கிடந்த இடத்தை நோக்கி.

மேட்டுக்கு எழுத்து கிடையாது.

எழுந்தான். ஓட வேண்டும். அதற்குள் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அவன் திறந்துவிட்டுப் போன கதவு அப்படியே திறந்திருந்தது. உள்ளே டிரைவர் இருக்கை காய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் மாரியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. இவனைப் பார்க்கவில்லை. வாயும் திறந்திருந்தது, சத்தம் இல்லை. வலது கை மட்டும் அவருடையது அல்லாததுபோல் மேலே போய்க் கூரையைத் தட்டியது.

டக்.

விழுந்தது. மறுபடி எழுந்தது.

டக்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் இடைவெளி. யாராவது நிறுத்துவார்கள் என்று காத்திருக்கிற இடைவெளி.

டக்.

பின்னால், விரிந்த தார்ப்பாய்க்கு அடியில், ஒருவர் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டக் டக்.